மூன்று தரை போட்ட மஸ்டாங்

கோலாலம்பூரிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் வாங்கிப்போகும் வழக்கமான பரிசுதான். இரட்டைக் கோபுரம் பொறித்த, குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம். அண்ணி அதை ஆசையாக ஒட்டிவைத்தார். அன்று மாலையே அண்ணன் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார்.

நானும் பின்னால் போனேன். உள்ளே சிவப்பு நிற 1968 ஃபோர்டு மஸ்டாங். நேற்றுதான் கடையிலிருந்து எடுத்தது போன்ற பளபளப்பு. அண்ணன் காந்தத்தைக் கதவில் வைத்தார், டப்பென்று ஒட்டியது. கூரையில் வைத்தார், ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் வைத்தார். இரட்டைக் கோபுரம் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"இங்க மேல இருக்கிறது இரும்பு இல்லம்மா. எல்லாம் புட்டி."

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். கிள்ளானில் பிறந்து, பொறியியல் படித்து, இப்போது மிச்சிகனில் கார் உதிரிபாகத் துறையில் வேலை. சிறுவயதில் பெரியப்பாவின் டட்சனில் நாங்கள் ஊர் சுற்றுவோம். பின்னிருக்கைக்குக் கீழே தரையில் துருப்பிடித்து ஓர் ஓட்டை. கச்சான் தோலை அதன் வழியாகத் தார்ச்சாலையில் போடுவது எங்களுக்குப் பெரிய விளையாட்டு. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் எங்கள் கால்கள் இருந்தன என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

'மசில் கார்' என்பது அமெரிக்காவின் அறுபதுகளின் பிள்ளை. நடுத்தர அளவு உடல், அதற்குள் மிகப் பெரிய வி8 இயந்திரம். 1964இல் வந்த போண்டியாக் ஜிடிஓவிலிருந்து கணக்கைத் தொடங்குவார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டாங்கை, 'அது போனி கார்' என்று கறாரான ரசிகர்கள் தள்ளிவைப்பார்கள். அண்ணனுடையதில் இருப்பது 6.4 லிட்டர் இயந்திரம். நம் மைவியின் 1.5 லிட்டரை நினைத்துக்கொண்டு, பெயரைப் பற்றிச் சண்டை போடலாமா என்று முடிவுசெய்யுங்கள்.

வாங்கும்போது விளம்பரத்தில் 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று இருந்ததாம். புதுப்பித்தது வண்ணத்தை மட்டும்தான்.

புட்டியைச் சுரண்டியதும் பழைய வேலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துருப்பிடித்த தகட்டை யாரும் வெட்டி எடுக்கவில்லை. அதன்மேலேயே புதுத் தகட்டை ஏற்றி, சுற்றிலும் ஒரே இழுப்பாக வெல்டிங் செய்திருந்தார்கள். வெளித்தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் ஒரே மூச்சில் சூடு ஏற்றினால் தகடு அப்பளம் போல நெளியும். நெளிவை மறைக்க விரற்கடை கனத்துக்குப் புட்டி. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஈரம் புகுந்து, உள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது. இன்னோரிடத்தில் மஞ்சளாக மின்னியது. பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டிய பற்றவைப்பு. அதன்மேல் மீண்டும் வெல்டிங் வைத்தால் பித்தளை கலந்து பிளந்துவிடும். அந்தப் பகுதியையே வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

தரைதான் பெரிய கூத்து. கம்பளத்தைத் தூக்கினால் ஒரு தகடு, அதன்கீழ் இன்னொன்று, அதற்கும் கீழே தொழிற்சாலைத் தரையின் மிச்சம். மூன்று தரை! மூன்று முறை யாரோ பணம் செலவழித்திருக்கிறார்கள். ஏன் மூன்று முறை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அண்ணன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் துளைகளில் ஊற்றினார். என்னை உள்ளே குனிந்து பார்க்கச் சொன்னார். சற்று நேரத்தில் ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்தக் காலத்து மஸ்டாங்குகளுக்கு இது பிறவி நோய். துளைகளுக்கு அடியில் உள்ள பெட்டிபோன்ற பகுதியில் இலைச்சருகு அடைத்து, துருப்பிடித்து, மழைநீர் நேராகக் காருக்குள் இறங்கும். பற்றாததற்கு மிச்சிகன் குளிர்காலச் சாலைகளில் பனியை உருக்கத் தூவும் உப்பு வேறு. டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. காருக்குப் பேர்போன ஊர், காரைத் தின்னும் பொருளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் அழகுப் பிரச்சினைதானே என்று நினைத்தேன். அண்ணன் காரின் பக்கவாட்டில் ஜாக் வைத்துக் கொஞ்சம் தூக்கி, கதவை மூடச் சொன்னார். மூடவில்லை. பிடிக்கொக்கி ஒரு விரல் தள்ளி இடித்தது. மஸ்டாங்குக்கு லாரி மாதிரித் தனிச் சட்டம் கிடையாது. தரை, பக்கவாட்டு, முன்பக்க உத்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒட்டியதுதான் அதன் முதுகெலும்பு. நம் வீட்டுக் கார்களும் அப்படித்தான். தரையில் இருக்கும் ஒட்டு விட்டுப்போனால் கார் நடுவில் தொய்கிறது. மோதினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. "பாப்பா இதுலதான் ஸ்கூலுக்குப் போகணும்னு சொல்லுது" என்று மட்டும் சொன்னார்.

வெட்டுவதற்கு முன்பு செய்யும் வேலைதான் அதிகம். பெட்ரோல் தொட்டி முதலில் வெளியே. இந்தக் காரில் தொட்டியின் மேல்பகுதிதான் பின்பெட்டியின் தரையே. அதை வைத்துக்கொண்டு பின்பக்கம் நெருப்புப் பொறி பறக்கவிடுவது தற்கொலை. அடுத்து பேட்டரி. பிறகு காரைச் சமமாக நிறுத்தி, கதவு இருக்கும் வாய்களில் சதுர இரும்புக் குழாய்களைக் குறுக்கே தற்காலிகமாக ஒட்டுகிறார். இல்லாவிட்டால் தரையை வெட்டியதும் உடல் கோணிக்கொள்ளும். கோணலோடு புதுத் தரையை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரம்.

தரையைத் தொடும் முன், தண்ணீர் ஒழுகிய அந்தப் பெட்டியைச் சரிசெய்தார். தொழிற்சாலையில் இரண்டு செப்பு முனைகளுக்கு நடுவே தகடுகளை அழுத்தி, மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருப்பார்கள். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துத்தான் மேல்தகட்டைப் பிரிக்க வேண்டும். எண்ணத் தொடங்கி, அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

பக்கவாட்டில் புதுத் தகட்டை ஏற்றி வைக்காமல், விளிம்போடு விளிம்பு சேர்த்தார். அங்கே ஒரு சிறு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, பிறகு எதிர்முனையில் ஒன்று. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை பக்கத்தில் போவதில்லை. எனக்கு அது வசதியான கணக்காகப் பட்டது. வானொலியில் பாட்டு ஓடுகிற நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். நாலு பொட்டுக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டோம். ஆறும்போது இரும்பு சுருங்கும். சுருங்கியதைச் சுத்தியலால் அடியில் அணைகொடுத்து மெல்லத் தட்டி விரிக்க வேண்டும். ஒரு முழம் நீள இணைப்புக்கு அன்று சாப்பாட்டு நேரம் வரை ஆனது. பழைய ஆள் இதே வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார்.

அந்தப் பழைய ஆளை ஏமாற்றுக்காரர் என்று நான் திட்டினேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. எண்பதுகளில் இது வெறும் பழைய கார். இன்னும் ஒரு குளிர்காலம் ஓடினால் போதும் என்று யாரோ ஒரு சம்பளக்காரர் ஒட்டியிருக்கலாம். பெரியப்பாவின் டட்சனுக்கும் பலகைதானே போட்டார்கள் என்றார். சரிதான். ஆனால் அதன்மேல் புட்டி பூசி, பளபளப்பாக்கி, 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று விற்றவர் வேறு ஆள். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஒரே ஒரு பழைய ஒட்டை மட்டும் அண்ணன் தொடவில்லை. பின்னிருக்கைக்குப் பின்னால் கையகல இரும்புத் தாங்கி. குழந்தை இருக்கையின் வாரைக் கட்ட யாரோ பொருத்தியது. பார்க்க அசிங்கம், ஆனால் நன்றாக உருகிப் பிடித்த ஒட்டு. தொழிற்சாலையில் இல்லாததை விட்டுவைக்கலாமா என்றேன். 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய மஸ்டாங் 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனதே, அதைப் புதுப்பிக்கவே இல்லையாம். கேமரா பொருத்த அடியில் ஒட்டிய தாங்கிகளும் அப்படியே இருந்தனவாம். "நம்ம கார்ல யாரும் நடிக்கல. ஆனா யாரோ ஒருத்தர் பிள்ளையை உட்கார வெச்சு ஓட்டியிருக்காரு" என்றார்.

வெட்டிய ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறார். நாளைக்கு விற்க நேர்ந்தால் வாங்குகிறவர் கையில் கொடுப்பதற்காம்.

போன வாரம் ஒரு காணொளி அனுப்பினார். அதே வாளி, அதே தண்ணீர், உள்ளே காய்ந்த தரை. ஜாக்கில் தூக்கியும் இடக்கதவு மூடுகிறது. வலப்பக்கம் அடுத்த குளிர்காலத்துக்கு. காந்தம் இன்னும் கராஜில்தான் இருக்கிறது. அடுத்த முறை இரண்டாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் அண்ணி.