செல்போன் கேமரா போதும்... கொஞ்சம் நின்று பாருங்கள்!

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன் எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் ஒரே காட்சிதான். சரிவில் நிற்கும் பாறை உருண்டுவிடாமல் ஒருவர் கையால் தாங்கிப் பிடிப்பார். எதிரே இருப்பவர் போனைச் சாய்த்துப் பிடித்து, “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வா... கையை மேல தூக்கு” என்பார். அவர் இறங்கியதும் அடுத்தவர்.

அதே நேரம் பாறையின் நிழலில் அந்த வீட்டுப் பாட்டி உட்கார்ந்திருப்பார். மடியில் பேரனின் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் நாலு ஜோடி செருப்பு. வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துப் பேத்தியின் வாயில் போட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் ஒரு கேமராவும் திரும்பாது.

வீடு திரும்பும்போது போனில் 400 படங்கள் இருக்கும். சில வருடங்கள் கழித்து, பாட்டியின் படத்துக்கு மாலை போட வேண்டிய நாளில் வீடே ஒரு நல்ல படத்தைத் தேடும். கடைசியில் ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டுவார்கள். பல வீடுகளில் நடக்கும் கதை இது. இதற்குக் கேமராவைக் குறை சொல்ல முடியாது. நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டி கேமரா

1900-ல் கோடக் நிறுவனம் ‘பிரவுனி’ என்ற கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அட்டையால் செய்த பெட்டி, எளிய லென்ஸ், விலை ஒரு டாலர். அதுவரை ஸ்டுடியோக்காரர்களும் வசதி படைத்தவர்களும் வைத்திருந்த கலை, சிறுவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் சாதாரண போன், அந்தப் பெட்டியைவிடப் பல மடங்கு திறமையானது.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன், காந்தியின் கடைசி நாட்களை 1948-ல் டெல்லியில் படமெடுத்தவர். கையடக்கமான லைக்கா கேமராதான் அவருடைய கருவி. பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ். ஜூம் கிடையாது, ஃபிளாஷ் போடுவதும் பிடிக்காது. எதையாவது பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் நடந்து போக வேண்டியதுதான்.

சிற்பியின் கண்

வெண்ணெய் உருண்டையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அர்ச்சுனன் தபசு. பகீரதன் தவம் என்று சொல்பவர்களும் உண்டு. ஏறக்குறைய 90 அடி நீளமுள்ள பாறை, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். வருகிறவர்களில் பலர் அதற்கு முதுகைக் காட்டி நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஐந்து நிமிடம் நின்றால் வேறு விஷயங்கள் கண்ணில் படும். யானைகளின் பக்கத்தில் ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள்! இன்னொரு பக்கம் ஒரு மான், பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது.

சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பல்லவ நாட்டுச் சிற்பி, தேவர்களையும் முனிவர்களையும் செதுக்குவதற்கிடையில் மான் மூக்கைச் சொறிவதையும் விட்டுவிடவில்லை. எங்கோ ஒரு மானை அவர் நின்று பார்த்திருக்க வேண்டும். பயணப் படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கைக்கு எளிய வழிகள்

* முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் பிசுக்கு இருந்தால் படம் புகை மூட்டம்போல வரும். பருத்தித் துணி போதும்.

* வெளிச்சத்தைக் கேட்டுப் போங்கள். அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலை வெயில் அதன் மேல் விழும், பிற்பகலில் நிழலுக்குள் போய்விடும். உச்சி வெயிலில் முகங்களை எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். அப்போது மண்டப நிழலுக்குள் அழைத்து வந்து எடுங்கள்.

* இரண்டு விரலால் ஜூம் செய்யாதீர்கள். பல போன்களில் அப்படிச் செய்தால் படம் மங்கிவிடும். நாலு அடி முன்னே நடங்கள்.

* குழந்தையை எடுக்கும்போது அதன் உயரத்துக்கு உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும்.

* முகம் இருட்டாகத் தெரிந்தால் திரையில் அந்த முகத்தின் மேல் விரலை வையுங்கள். போன் அதற்கேற்ப வெளிச்சத்தைச் சரிசெய்யும்.

* ஒரே இடத்தை மூன்று விதமாக எடுங்கள்: முழுக் காட்சி ஒன்று, அதில் ஒரு மனிதர், அந்த மனிதரின் கையோ கையிலுள்ள பொருளோ ஒன்று. பிறகு பார்க்கும்போது அந்த இடமே ஞாபகத்துக்கு வரும்.

36 படம் விளையாட்டு

ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம்தான். ஊட்டிக்குப் போனாலும் கன்னியாகுமரிக்குப் போனாலும் அப்பா ஒவ்வொன்றையும் எண்ணித்தான் எடுப்பார். அடுத்த பயணத்தில் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லுங்கள்: ஒருவருக்கு நாள் முழுக்க 36 படம்தான், அழித்துவிட்டு மறுபடி எடுக்கக் கூடாது. மதியத்துக்குள் அவர்கள் பட்டனை அழுத்துமுன் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கேட்டு எடுங்கள்

மாமல்லபுரத் தெருக்களில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கல் தூசி படிந்த கைகளோடு வேலை செய்யும் சிற்பியைப் பார்த்தால் யாருக்கும் போனை எடுக்கத் தோன்றும். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் மரியாதை. சம்மதித்தால் உடனே எடுக்க வேண்டாம். சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தால் அவர் மறுபடி வேலையில் மூழ்கிவிடுவார், நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும். அனுப்புகிறேன் என்று சொன்னால் மறக்காமல் அனுப்புங்கள். கடற்கரையில் மீன் விற்கும் அக்காவுக்கும், அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்கும் இதே முறைதான். குழந்தை என்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும்.

எடுப்பவரையும் எடுங்கள்

வீட்டில் யார் நன்றாகப் படம் எடுப்பாரோ, அவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போனைக் கை மாற்றுங்கள். பத்து வயதுப் பையன் எடுத்த அம்மாவின் படம் லேசாகக் கோணலாக இருக்கலாம். ஆனால் அதில் அம்மா அவனைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே எல்லோரும் உட்கார்ந்து இருபது படங்களைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பி, ஸ்டுடியோவில் பிரின்ட் போடுங்கள். பின்பக்கம் தேதி, ஊர், யார் யார் என்று பேனாவால் எழுதுங்கள். போன் தொலைந்தாலும் அவை பீரோவில் இருக்கும்.

அந்த இருபதில் ஒன்று, பாறை நிழலில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்து கடலை உரிக்கும் பாட்டியாக இருக்கட்டும். “என்னை எதுக்குடா எடுக்குற, தலைகூட வாரல” என்பார். எடுத்ததும் போனை அவரிடம் காட்டுங்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாறையைக்கூடப் பார்க்காத பாட்டி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்ப்பார்.