புகை போகலாம், தண்ணீர் வரக்கூடாது

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓசேஜ் ஆற்றை மறித்து பேக்னல் அணையைக் கட்டியபோது உருவானது ஓசார்க்ஸ் ஏரி. அணை வேலை முடிந்தது 1931-இல். வரைபடத்தில் நெளிந்து வளைந்து கிடப்பதால் ‘மாய டிராகன்’ என்று அதற்கு ஒரு செல்லப்பெயரும் உண்டு. நீளம் அதிகம், அகலம் குறைவு. கரை நெடுகத் தனியார் படகுத்துறைகளும் தடுப்புச்சுவர்களும்தான். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் பெரிய மோட்டார் படகுகள் கிளப்பிவிடும் அலை ஒரு சுவரில் மோதி, திரும்பி வந்து, எதிர் அலையோடு முட்டிக்கொள்ளும். பொழுது சாயும்வரை தண்ணீர் அடங்காது.

அந்தத் தண்ணீரில் சீறிப் போகும் படகு ஒன்று சட்டென்று வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை மூக்கைத் தூக்கிக்கொண்டு நீரின் மேல் வழுக்கிப் போன படகு பொத்தென்று உட்காரும். ஆனால் அது கிளப்பிவிட்ட அலை நிற்காது. பின்னாலேயே ஓடிவந்து அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், ஏறி அடிக்கும். இன்ஜினின் புகை வெளியேறும் வாயும் அங்கேதான், நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. அந்த நொடியில் ஏரித் தண்ணீருக்கும் இன்ஜினுக்கும் நடுவே தடுப்பாக நிற்பது, உள்ளங்கை அகல ரப்பர் மடல் ஒன்று.

படகுக்காரர்கள் அதை ‘ஃபிளாப்பர்’ என்கிறார்கள். புகையும் தண்ணீரும் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். வெளியிலிருந்து தண்ணீர் தள்ளினால் மூடிக்கொள்ளும். கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அங்கே தோலோ ரப்பரோ தேய்ந்துபோனால் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் இறங்கிவிடும், மோட்டார் வெறுமனே சுற்றும். இங்கே மடல் தேய்ந்தால் இன்ஜினே போய்விடும்.

புகைக்குழாயை எதற்காகத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டும்? காரின் சைலன்சருக்குக் காற்று படுகிறது. படகின் இன்ஜினோ தளத்துக்கு அடியில் பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கி. பெட்ரோல் இன்ஜினை விட்டு வரும் புகையின் சூடு பல நூறு டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டோடு ஓர் இரும்புக்குழாயைப் படகுக்குள் நீளவாக்கில் கொண்டுபோவது நெருப்போடு விளையாடுவதுதான். அதனால் ஏரியின் தண்ணீரையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். ரப்பர் இறக்கைகள் கொண்ட சின்னச் சக்கரம் ஒன்று பம்புக்குள் சுழன்று தண்ணீரை உறிஞ்சுகிறது. இம்பெல்லர் என்பது அதுதான். இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்ட அந்தத் தண்ணீர் கடைசியில் புகைக்குழாயின் முழங்கை வளைவில் புகையோடு கலக்கிறது. கலந்த மாத்திரத்தில் புகையின் சூடு சரிந்துவிடும். அதற்கு அப்பால் சாதாரண ரப்பர் குழாயே போதும். இதற்கு ஈரப் புகைவழி என்று பெயர். தமிழ்நாட்டு மீன்பிடித் துறைமுகங்களில் நிற்கும் விசைப்படகுகளில் புகைக்குழாய் கூரைக்கு மேலே நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அது உலர்ந்த வழி. தண்ணீர் ஏறிவிடுமோ என்ற பயம் அதற்கு இல்லை.

இன்ஜின் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைத் தாங்கும் கால் அமரத்துக்கு வெளியிலும் இருக்கும் ‘ஸ்டெர்ன் டிரைவ்’ அமைப்பை வோல்வோ பென்டா நிறுவனம் 1959-இல் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவர் முன்பு வேலை பார்த்த மெர்க்குரி நிறுவனம் 1961-இல் ‘மெர்க்ரூசர்’ என்று தன்னுடையதைக் கொண்டுவந்தது. இன்று அமெரிக்க ஏரிகளில் எந்தத் துறையில் போய் நின்றாலும் இந்த வகைப் படகு கண்ணில் படும்.

இத்தகைய படகுகளில் வைக்கும் வி8 இன்ஜினில் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு பக்கப் புகையும் இரண்டு முழங்கைகள் வழியே கீழிறங்கி, கவட்டைபோல் கிளைத்திருக்கும் ஒரு குழாயில் சேர்ந்து, டிரைவின் உடலுக்குள் நுழைந்து, பல படகுகளில் புரொப்பெல்லரின் நடுக்குழல் வழியாகத் தண்ணீருக்கு அடியில் வெளியேறும். கவட்டையின் இரு கைகளிலும் ஆளுக்கொரு மடல், ஒரு கம்பி அச்சில் தொங்கிக்கொண்டிருக்கும். வேறு வகைப் படகுகளில் பின்பலகையில் வட்டமான புகைவாய் தெரியும். அதன் மேல் ரப்பர் மூடி ஒன்று வெளியிலேயே தொங்கும். வெளி மடலைப் படகுத்துறையில் குனிந்து பார்த்தே நாடி பிடித்துவிடலாம். விரலால் தள்ளிவிட்டால் தானாகத் திரும்பி வந்து வாயைப் பொத்த வேண்டும். ஓரம் சுருண்டு நின்றாலோ, மடங்கும் இடத்தில் வெடிப்புக் கோடு தெரிந்தாலோ மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. உள்ளே இருப்பதைப் பார்க்கக் குழாயைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அதனால்தான் அதை எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

அது படும் பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் வி8 இன்ஜினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்புகள். படகு நின்ற இடத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால், ஒரு பக்கத்துக்கு மட்டும் 1,400 வெடிப்பு. நொடிக்கு ஏறத்தாழ 23 முறை புகை வந்து மடலில் மோதுகிறது. மோதும்போது விலகி, இடைவெளியில் திரும்பி, மறுபடி விலகி ஓயாமல் படபடத்துக்கொண்டிருக்கும். வேகம் கூடியதும் புகையும் தண்ணீரும் அதை ஒரேயடியாகத் தூக்கிப் பிடித்துவிடும். ஆக, மடலுக்கு அலைச்சல் அதிகம் படகு மெதுவாகப் போகும்போதுதான்.

மடல் இல்லாமல் எவ்வளவு தண்ணீர் ஏறினால் ஆபத்து? 5.7 லிட்டர் வி8 இன்ஜினில் ஒரு சிலிண்டரின் பங்கு சுமார் 710 மில்லி. அழுத்த விகிதம் 9-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 90 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே நின்றுவிட்டால் பிஸ்டன் உச்சியை எட்ட முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஸ்டார்ட்டர் ‘டொக்’கென்று நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அந்த அளவுக்குப் போகாமல் சில சொட்டுகள் மட்டும் உள்ளே புகுவதும் உண்டு. அது மெல்லக் கொல்லும் நஞ்சு. எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் துரு படியும். வால்வு சரியாக உட்காராது. அடுத்த சீசனில் ஒரு சிலிண்டர் மட்டும் அழுத்தம் குறைந்து இன்ஜின் இழுக்காது. கடல் தண்ணீராக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் ஏறிவிட்டது என்று தெரிந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுழற்றித் தண்ணீரைப் பீய்ச்சி வெளியேற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் தெளித்து, தாமதிக்காமல் ஓட்டிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த இன்ஜின் அதற்குள் உள்ளே துருவேறிவிடும்.

மடல் வயதாகியும் சாகும், ஒரே நாளிலும் சாகும். வயது என்பது சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் புகையில் இருக்கும் அமிலமும் ஓயாத படபடப்பும் சேர்ந்து செய்வது. வெளி மடலுக்கு வெயிலும் உண்டு. ஒரே நாள் சாவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், தண்ணீர் நின்றுபோவது. இம்பெல்லரின் இறக்கை உடைந்திருக்கும், அல்லது தண்ணீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். முழங்கையில் தண்ணீர் கலக்காத நேரத்தில் பல நூறு டிகிரிப் புகை நேராக ரப்பரைத் தாக்குகிறது. நியோபிரீன் ரப்பர் 120 டிகிரி வாக்கிலேயே தளர்ந்துபோகும். சிலிகான் 200-ஐத் தாண்டித் தாங்கும். ஆனால் வெறும் புகையை இரண்டுமே தாங்காது. இன்ஜினுக்குள் தனிக் குளிர்நீர் சுற்றும் அமைப்பு இருந்தால் இன்னும் சங்கடம். இன்ஜினின் சூட்டுமுள் ஏறுவதற்கு முன்பே புகைக்குழாய் கருகத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். சூடேறிய படகைக் கட்டி இழுத்து வருகிறார்கள், இம்பெல்லரை மாற்றுகிறார்கள், தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே கருகிய மடலை யாரும் நினைப்பதில்லை. அது அச்சிலிருந்து கழன்று கவட்டைக் குழாயின் குறுகலில் போய்க் குறுக்காக உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு இன்ஜின் முழு வேகத்துக்கு ஏறாது. புகை போக வழியில்லாமல் திணறும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பெட்ரோலைச் சந்தேகிப்பார்கள், புரொப்பெல்லரை மாற்றிப் பார்ப்பார்கள். வாரக்கணக்கில் அலைந்த பிறகு, சில டாலர் பெறும் ரப்பர் துண்டு குழாய்க்குள்ளிருந்து வெளியே வரும்.

மாற்றும் வேலை கடினமானதல்ல, குனிந்து செய்ய வேண்டியது. ஓசார்க்ஸ் போன்ற ஏரிகளில் குளிர்காலத்துக்கு முன் இன்ஜினில் உள்ள தண்ணீரையெல்லாம் வடித்துவிடுவார்கள், இல்லையென்றால் உறைந்து இன்ஜினையே பிளந்துவிடும். அந்தச் சமயத்தில் மடலையும் பார்த்துவிடுவது வசதி. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, இன்ஜின் அறையைத் திறந்து காற்றாடவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். பிறகு முழங்கைக்குக் கீழே இருக்கும் ரப்பர் இணைப்பின் ஹோஸ் கிளிப்புகளைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப் இருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான். பல வருஷம் அசையாத ரப்பர் இரும்போடு ஒட்டிக்கிடக்கும். திருப்பித் திருப்பித்தான் விடுவிக்க வேண்டும். கத்தியால் கிழிப்பதானால் புதுக் குழாய் கையில் இருக்க வேண்டும்.

குழாய் விலகியதும் டார்ச் அடித்தால் மடல் தெரியும். நல்ல மடலை விரலால் தூக்கிவிட்டால் தன் கனத்தால் விழுந்து மூடும். கெட்டுப்போனது ஓரம் கருகி, பிசுபிசுத்து, கையில் மை போல ஒட்டும். அச்சுக்கம்பியை இழுத்துவிட்டுப் பழையதை எடுத்து, கரியைச் சுரண்டித் துடைத்துப் புதியதை மாட்ட வேண்டும். அச்சு மடலின் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். நீளமான பக்கம் கீழே வரவேண்டும். அந்தக் கனம்தான் மடலைத் தானாக மூடுகிறது. தலைகீழாக மாட்டினால் திறந்தே கிடக்கும், போட்டும் போடாததுபோல. ரப்பர் குழாயைத் திரும்ப ஏற்றும்போது உள்விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

எல்லாப் பழியையும் மடல் மேல் போடுவதும் நியாயமில்லை. பந்தய இன்ஜின்களில் உள்வால்வும் வெளிவால்வும் ஒரே சமயம் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி கேம் ஷாஃப்டை வடிவமைத்திருப்பார்கள். மெதுவாக ஓடும்போது அந்த இடைவெளியில் புகை ஒரு கணம் பின்னோக்கி உறிஞ்சப்படும். முழங்கையில் கலக்கும் தண்ணீரும் துளித்துளியாக அதனுடன் ஏறிவரும். தண்ணீர் கலக்கும் இடத்துக்கும் கீழே இருப்பதால் இதைத் தடுக்கும் வலு மடலுக்குக் கிடையாது. முழங்கையை உயர்த்த வேண்டும், அல்லது தண்ணீர் கலக்கும் இடத்தைத் தள்ளிவைக்க வேண்டும். புது மடல் போட்டும் சிலிண்டரில் தண்ணீர் வருகிறதென்றால் பார்க்க வேண்டிய இன்னொரு இடம், துருப்பிடித்து ஓட்டையான முழங்கை.

வேலை முடிந்து இன்ஜினை ஓட்டும்போது தண்ணீர் கசிகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். புகை கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. யூட்டாவிலும் அரிசோனாவிலும் பரந்து கிடக்கும் பவல் ஏரியில் வீட்டுப்படகுகளில் நேர்ந்த மரணங்களை 2000-இல் அமெரிக்க அரசு அமைப்புகள் ஆராய்ந்தபோது, படகின் பின்னால் நீந்துவோர் ஏறும் மேடைக்கு அடியிலிருந்த பொந்தில் ஜெனரேட்டர் புகை உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தேங்கியிருந்தது தெரியவந்தது. ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் அதே வாயு படகுக்குள்ளேயே நிறையும். இன்ஜின் குளிர்ந்தபின் நான்கு கிளிப்பையும் இன்னொரு முறை முறுக்கிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தில் யாரும் கஞ்சத்தனம் காட்டக்கூடாது.

கைதேர்ந்த மெக்கானிக் புது மடலை உறையிலிருந்து பிரிப்பதற்கு முன் இன்னொன்று செய்வார். கழற்றிய பழைய மடலின் துண்டுகளை ஒரு துணிமேல் பரப்பி, புதியதைப் பக்கத்தில் வைத்து, உடைந்த அப்பளத்தைச் சேர்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார். உடைந்த இம்பெல்லரின் இறக்கைகளையும் இப்படித்தான் எண்ணுவார்கள், காணாமல்போன இறக்கை எங்கேயோ தண்ணீர்ப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால். வட்டம் முழுமையானால் புதியதை மாட்டலாம். விரல்நுனி அளவு ஓரம் குறைந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி கவட்டைக் குழாய்க்குள் குனிவார். அங்கேயும் இல்லையென்றால் டிரைவைக் கழற்றி அதன் புகைவழியைப் பார்ப்பார். அந்தத் துண்டு கைக்கு வரும்வரை படகு ஏரியில் இறங்காது.