ஷாக் அப்சார்பர் துரு: இன்சூரன்ஸ் தராது, கைக்காசுதான்

திருத்தணி வழியா திருப்பதி ரோட்டுல லாரி ஓட்டுறீங்களா? தூத்துக்குடி உப்பு, எண்ணூர் துறைமுக லோடுன்னு போய் வந்தா, ஷாக் அப்சார்பரைக் குனிஞ்சு பாருங்க. வெளிக்கூட்டுல லேசான துருன்னா பயமில்லை. கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, பிரைமர், பெயின்ட் அடிச்சாப் போதும். உள்ளே போய்வர்ற குரோம் ராடுல துருப்புள்ளி விழுந்தாத்தான் செலவு. அது சீலை அறுக்கும், ஆயில் ஒழுகும், டயர் திட்டுத்திட்டாத் தேயும். அப்போ இரண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க.

துரு என்பது தேய்மானம். மோட்டார் இன்சூரன்ஸ்ல கிளெய்ம் வராது. 10 வண்டி வரை வெச்சிருந்து அனுமான வருமான முறையில வரி கட்டுறீங்கன்னா, 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு சட்டமே கணக்கு வெச்சிடும். ரிப்பேர் பில்லைத் தனியாக் கழிக்க முடியாது (பலர் அதையும் ஃபைல்ல கோத்துக் கொண்டு வர்றாங்க!). அதனால உப்பு லோடு இறக்கின அன்னைக்கே நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவிடுங்க.