கண்ணாடி உறையிட்ட படிக இழைகள்: வளர்ப்பும் வரம்பும்

எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் கொதிகலன்களில் எரிகிறது. இத்தகைய உலைகளின் உள்வெப்பநிலை 1000 பாகை செல்சியசைக் கடக்கும். தொலைத்தொடர்புக்கான சிலிக்கா ஒளியிழை அங்கு நெடுநாள் தாங்காது. ஏறத்தாழ 2050 பாகையில் உருகும் சஃபயர் படிக இழை தாங்கும். ஆயினும் வெற்றுப் படிக இழைக்குச் சுற்றியுள்ள காற்றே உறை. சாம்பல் படியும் இடந்தோறும் ஒளி கசியும். படிகத்திற்குக் கண்ணாடி உறை இடும் எண்ணம் இத்தகைய இழப்பைத் தவிர்க்கவே எழுந்தது.

படிக இழையை வளர்க்கப் பெரிதும் பயன்படுவது லேசர்வெப்பப் பீட முறையாகும். கரியமில வாயு லேசரின் கதிர் வளையமாகக் குவிக்கப்பட்டு மூலத்தண்டின் நுனியை உருக்குகிறது. உருகிய துளியில் வித்துப் படிகத்தைத் தொடுவித்து மெல்ல மேலிழுப்பர். மூலத்தண்டு ஊட்டப்படும் வேகத்தைப் போல் ஒன்பது மடங்கு வேகத்தில் இழுத்தால், இழையின் விட்டம் தண்டினுடையதில் மூன்றிலொன்றாகும். மூசை இல்லாமையால் அதிலிருந்து மாசு கலக்க வழியில்லை.

யிட்ரியம் அலுமினியம் கார்னெட் எனப்படும் யாக் படிக இழைக்கு உறையிடும்போது, அதனைச் சிலிக்கா நுண்குழாயினுள் செருகி மீண்டும் லேசரால் சூடாக்குவர். ஏறத்தாழ 1970 பாகையில் யாக் உருகும். அதற்கு முன்பே இளகிய சிலிக்கா, பாகுத்தன்மை மிகுந்திருப்பதால் வடிவிழக்காமல் உள்ளகத்தைத் தழுவிக்கொள்ளும். குளிரும்போது உள்ளகம் மீண்டும் படிகமாகிறது. தைவான் ஆய்வாளர்கள் குரோமியம் கலந்த யாக் இழைகளை இவ்வாறு உருவாக்கினர்.

இடர்ப்பாடு இணைப்பில்தான் உள்ளது. யாக்கின் வெப்ப விரிவு சிலிக்காவினுடையதைப் போல் பதினைந்து மடங்கு. ஆகவே குளிரும் இழையில் தகைவு தேங்கும். ஒளிவிலகல் எண்களும் (1.82, 1.45) வெகுதொலைவில் நிற்கின்றன. ஒற்றை முறைமையில் ஒளி செல்ல உள்ளகம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறுக வேண்டும். அத்துணை நுண்ணிய படிகத்தை வளர்ப்பது எளிதன்று. எனவே யாக்கினை நெருங்கிய ஒளிவிலகல் எண்ணுடைய லாந்தனக் கண்ணாடிகள் நாடப்படுகின்றன.

கரிமப் படிகங்களுக்கு இத்துணை வெப்பம் வேண்டுவதில்லை. உருகிய பொருள் நுண்புழை ஏற்றத்தால் கண்ணாடிக் குழாயினுள் ஏறும். அதனை ஒரு முனையிலிருந்து மெல்லக் குளிர்வித்தாலே படிக உள்ளகம் உருவாகும். கண்ணாடிக் கலத்தில் ஒரே திசையில் படிகம் வளர்ப்பது தமிழ்நாட்டு ஆய்வுக்குப் புதிதன்று. சங்கரநாராயணன்–ராமசாமி முறை 2005இல் பென்சோபீனோன் படிகத்தைக் கரைசலிலிருந்து அவ்வாறே வளர்த்தது. அது இழையன்று, பருபடிகம்; எனினும் வித்தின் திசையே வளர்ச்சியின் திசையாதல் இரண்டிற்கும் பொது.

உலைக்கென எழுந்த தேவையைக் கண்ணாடி உறை முழுமையாக நிறைவேற்றவில்லை என்பதே உண்மை. படிகம் தாங்கும் வெப்பத்தை உறை தாங்காது. அதனால் உலை உணரிகளுக்கு ஸ்பினல் போன்ற ஆக்சைடு உறைகள் ஆராயப்படுகின்றன. கண்ணாடி உறையிட்ட இழைகளோ அறை வெப்பநிலையில் இயங்கும் ஒளிபெருக்கிகளிலும், திசு அடுக்குகளைப் படிமமாக்கும் அகன்ற அலைவரிசை ஒளிமூலங்களிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளன.