ஊசி போட்ட மீனா, சாப்பிடலாமா?
நன்னீர் மீன் இனப்பெருக்கம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

குளத்து மீன் வாங்குகிறவர்களுக்கு ஒரு பயம். அதை வளர்க்கிறவர்களுக்கு வேறொரு குழப்பம். கட்லாவும் ரோகுவும் எப்படிப் பெருகுகின்றன என்பதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லாததுதான் இரண்டுக்கும் காரணம். பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறோம், கவலைப்பட வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விடுகிறோம். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு விட்டு மூன்று வருடம் ஆகிறது. அறுத்தால் வயிறு நிறையச் சினை இருக்கிறது. ஆனால் ஒரு குஞ்சைக்கூடக் காணோமே, ஏன்?

குறை குட்டையிலும் இல்லை, மீனிலும் இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள்; பெருங்கெண்டைகள் என்பது இவற்றைத்தான். மழைக்காலத்தில் ஆறு கரை புரண்டு தாழ்வான நிலங்களில் பரவும்போதுதான் அவை முட்டையிடும். குட்டைத் தண்ணீரில் வளரும், பருவத்துக்கும் வரும், முட்டை மட்டும் இடாது.

மீனின் உடம்பில் நடப்பது இதுதான். பகல் நீண்டு, தண்ணீர் சூடாகத் தொடங்கும் மாசி, பங்குனியில் மூளை அதை உணர்ந்து, தன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அதிலிருந்து வரும் ஹார்மோன் ரத்தத்தின் வழியே சினைப்பைக்குப் போகிறது. முட்டைக்குத் தேவையான மஞ்சள் கருச் சத்தைக் கல்லீரல் தயாரித்து அனுப்புகிறது. ஆனி, ஆடிக்குள் முட்டை முதிர்ந்துவிடும். அதுவரை குட்டையிலும் எல்லாம் சரியாகவே நடக்கும்.

கடைசி ஒரு படிதான் பாக்கி. முதிர்ந்த முட்டை சினைப்பையிலிருந்து விடுபட, பிட்யூட்டரி ஒரேயடியாக நிறைய ஹார்மோனைக் கொட்ட வேண்டும். புதுவெள்ளம், ஓட்டம், மழையால் குளிர்ந்த நீர் ஆகியவை சேர்ந்து தரும் சைகை இல்லாமல் அது நடக்காது. சைகை வராவிட்டால் முட்டைகளை மீனின் உடம்பே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து.

ஓட்டம்தான் காரணம் என்பதை வங்காளத்துக்காரர்கள் பல தலைமுறைக்கு முன்பே கண்டுகொண்டார்கள். மிதுனாப்பூர், பாங்குரா மாவட்டங்களில் சரிவான நிலத்துக்குக் கீழே கரை கட்டி, மழை வெள்ளம் பாய்ந்து வரும்படி குளங்களை அமைத்தார்கள். வெள்ளம் உள்ளே புகுந்ததும் அங்கே கெண்டைகள் முட்டையிட்டன.

பண்ணை மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே? அதைச் சாப்பிட்டால் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்கிறார்களே?

இந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. ஊசி போடுவது தாய்மீனுக்கும் தகப்பன் மீனுக்கும் மட்டும், அதுவும் முட்டையிடுகிற அந்த ஒரு நாளில். நீங்கள் வாங்கும் ஒரு கிலோ ரோகு அந்த முட்டையிலிருந்து பொரித்து, ஏறக்குறைய ஒரு வருடம் தவிடும் புண்ணாக்கும் தின்று வளர்ந்தது. அது தன் வாழ்நாளில் ஊசியைப் பார்த்திருக்காது.

ஊசியின் வேலை, மேலே சொன்ன அந்த வெள்ளத்தின் சைகைக்குப் பதிலாக நிற்பதுதான். 1957-க்கு முன்னால் மீன்குஞ்சு வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆறுதான் கதி. கங்கையில் வெள்ளம் வரும் நாட்களில் கரையோரமாக வலை கட்டிக் குஞ்சுகளைச் சேகரிப்பார்கள். அதில் கட்லாவோடு கெளுத்தியும் வாளையும் கலந்து வரும். குளத்தில் விட்ட பிறகுதான் எது எதைத் தின்கிறது என்று தெரியும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். இன்று நாட்டில் ஏரி, குளம், அணை எங்கும் கெண்டை மீன் கிடைக்கிறதென்றால் அந்த ஒரு நாள் வேலைதான் தொடக்கம். ஜூலை 10-ஐத் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுவதும் அதனால்தான்.

அப்போது பயன்பட்டது இன்னொரு கெண்டையின் தலையிலிருந்து எடுத்த சுரப்பி. அதை ஆல்கஹாலில் பதப்படுத்தி வைத்து, அரைத்து, வடித்துப் போடுவார்கள். பெண் மீனுக்கு முதலில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம், ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம். ஆணுக்கு ஒரே தவணை. இப்போது பெரும்பாலும் ஓவாப்ரிம் போன்ற தயார் மருந்துகள்தான். பெண்ணுக்குக் கிலோவுக்கு அரை மில்லி அளவில் ஒரே ஊசி போதும். அதில் இருப்பவை இரண்டு. ஒன்று, பிட்யூட்டரியைத் தூண்டும் மூளை ஹார்மோனின் செயற்கை வடிவம். மற்றது டோம்பெரிடோன். வாந்திக்கு டாக்டர் எழுதித் தரும் அதே மருந்துதான். ஹார்மோன் சுரக்காமல் தடுக்கும் டோபமினை அது கட்டிப்போடுகிறது. மாலையில் ஊசி போட்டால் விடிவதற்குள் முட்டை வந்துவிடும்.

ஊசி போட்ட தாய்மீனை உடனே சந்தைக்கு அனுப்பாமல் திரும்பக் குளத்தில் விட்டு வளர்ப்பதே முறை. அப்படியே ஒன்று சமையலுக்கு வந்துவிட்டாலும், அந்த ஹார்மோன் புரதத் துணுக்கு. நம் வயிற்றில் மற்ற புரதங்களைப் போலவே செரித்துப்போகும்.

அப்படியென்றால் ஜிலேபியும் (திலேப்பியா) சாதா கெண்டையும் மட்டும் எப்படிக் குட்டையிலேயே குஞ்சு பொரிக்கின்றன?

அவற்றுக்கு வெள்ளம் தேவையில்லை. சாதா கெண்டையின் முட்டை ஒட்டும் தன்மையுள்ளது. நீர்ப்பாசியிலோ மூழ்கிக் கிடக்கும் புல்லிலோ ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். தேங்கிய தண்ணீரே அதற்குப் போதும்.

ஜிலேபி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆண் குளத்தின் அடியில் வட்டக் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு உடனே அத்தனையையும் வாயில் அள்ளிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு நாள் வாயிலேயே அடைகாத்து, நீந்தத் தெரிந்த குஞ்சாகத்தான் வெளியே விடும். அந்த நாட்களில் தாய் ஏறக்குறைய பட்டினி. இத்தனை பாதுகாப்பு இருப்பதால் சில நூறு முட்டைகளே அதற்குப் போதும். ரோகுவோ பிள்ளைகளைக் கவனிக்காது; அதனால் உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல்கூட முட்டையிடும்.

சிக்கல் என்னவென்றால், ஜிலேபி இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து அடிக்கடி குஞ்சு விடும். குளம் நிறைய மீன் இருக்கும், எதுவும் உள்ளங்கையைத் தாண்டி வளராது. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த மீன், இன்று தமிழகத்தில் இல்லாத ஏரியே இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

கிஃப்ட் திலேப்பியா மரபணு மாற்றப்பட்ட மீனா? ஹார்மோன் கொடுத்து ஆணாக மாற்றுகிறார்களாமே?

முதல் பாதிக்குப் பதில்: இல்லை. கிஃப்ட் என்ற சுருக்கப் பெயரின் விரிவில் 'மரபு மேம்பாடு' என்று வருவதால் வந்த குழப்பம் இது. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியப் பண்ணைகளிலிருந்தும் கொண்டுவந்த நைல் திலேப்பியா வகைகளைக் கலந்து, நன்றாக வளர்ந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊரில் நல்ல காளையைப் பார்த்துப் பசுவுக்குச் சேர்ப்பது மாதிரிதான். வேறு உயிரின் மரபணு எதுவும் உள்ளே செலுத்தப்படவில்லை.

இரண்டாவது பாதி உண்மை. பெண் திலேப்பியா குஞ்சை வாயில் வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதால் வளர்ச்சி குறைவு. ஆண் வேகமாக வளரும். எல்லாம் ஆணாக இருந்தால் குளத்தில் குஞ்சு பெருகவும் பெருகாது. பொரித்த சில நாட்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது உடம்பில் இன்னும் முடிவாகியிருக்காது. அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் தீவனத்தில் மெதில் டெஸ்டோஸ்டிரோன் கலந்து கொடுத்தால் பெரும்பாலானவை ஆணாக வளரும். அப்போது அதன் எடை ஒரு கிராமைக்கூடத் தொடாது. அதன் பிறகு ஐந்தாறு மாதம் ஹார்மோன் இல்லாத தீவனத்தில் வளர்ந்துதான் விற்பனைக்கு வருகிறது. கொடுத்த மருந்து அதற்குள் உடம்பை விட்டு வெளியேறிவிடும். ஆகவே சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது பொரிப்பகத்தில். அந்தத் தீவனத்தை வெறுங்கையால் கலக்கும் தொழிலாளிக்கு அது நல்லதல்ல. அந்தத் தொட்டித் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிடுவதும் தவறு. இது குறித்து யாரும் கேள்வி கேட்காதது வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று: கிஃப்ட் வளர்க்க அரசின் அனுமதி தேவை. மீன்வளத் துறையில் விசாரிக்காமல் யாரோ கொண்டுவந்து தரும் குஞ்சை இறக்காதீர்கள்.

கெண்டையில் ஆண், பெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

பருவம் வந்த பிறகுதான் முடியும். மார்புத் துடுப்பைத் தடவினால் ஆணுக்குச் சொரசொரப்பாகவும் பெண்ணுக்கு வழவழப்பாகவும் இருக்கும். ஆணின் வயிற்றை லேசாக அழுத்தினால் பால் போல விந்து வரும். பெண்ணின் வயிறு உப்பி மெத்தென்றிருக்கும். கழிவுத்துளை தடித்துச் சிவந்திருக்கும்.

நுண்மீன் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது. விரலி விலை அதிகம். எதை வாங்குவது?

முதன்முறை வளர்ப்பவர் என்றால் யோசிக்காமல் விரலி வாங்குங்கள். முட்டை 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிக்கிறது. மூன்று நாள் தன் மஞ்சள் கருவையே தின்று வாழும் குஞ்சு, பிறகு 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளத்தில் நுண்மீன் குஞ்சாக விற்பனைக்கு வருகிறது. அதன் வாய்க்கு அகப்படுவது கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் மட்டுமே. தவளையும் தண்ணீர்ப் பூச்சியும் அதைத் தின்ன வரிசையில் நிற்கும். நன்றாகத் தயாரித்த நாற்றங்கால் குளத்திலேயே பாதிக்கு மேல் செத்துப்போவது சாதாரணம். இரண்டு மூன்று மாதம் கடந்து விரல் நீளம் வந்தது அந்த ஆபத்தையெல்லாம் தாண்டி வந்த மீன்.

இறக்கும் முன் குளத்திலுள்ள விரால், கெளுத்தி, களை மீன்களை ஒழிக்க வேண்டும். தண்ணீரை வற்ற வைக்க முடியாவிட்டால் இலுப்பைப் புண்ணாக்கு போடலாம்: ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏக்கருக்கு 1,000 கிலோ. மூன்று வாரத்தில் அதன் நஞ்சு போய் எருவாகிவிடும். பிறகு ஏக்கருக்கு 4,000 விரலிகள். மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீர் ரோகு, அடிநீர் மிர்கால் மூன்றும் கலந்து விடுங்கள்.

நல்ல தீவனம் போட்டும் மீன் வளரவே இல்லை. போன வருடமும் இப்படித்தான். தண்ணீரில் கோளாறா?

தண்ணீரையும் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு வருடமும் ஒரே இடத்தில் குஞ்சு வாங்கியிருந்தால் முதலில் அந்தப் பொரிப்பகத்தைச் சந்தேகியுங்கள். நன்னீர் மீன் வளர்ப்பில் பேசப்படாத பெரிய நோய் இதுதான்.

ஒரு ஜோடி மீனே லட்சக்கணக்கில் குஞ்சு தருவதால், பத்துப் பதினைந்து தாய்மீனை வைத்துக்கொண்டே ஒரு பொரிப்பகம் வியாபாரம் செய்யலாம். அவற்றின் குஞ்சுகளிலிருந்தே அடுத்த தாய்மீன், அதன் குஞ்சிலிருந்து அதற்கடுத்தது. சில தலைமுறையில் தொட்டியில் இருப்பதெல்லாம் அண்ணன் தங்கையாகிவிடும். வளர்ச்சி குறையும், முதுகு கோணும், நோய் எளிதில் பற்றும். இன்னும் மோசம், வேகமாக வளர்ந்த பெரிய மீனை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, மிஞ்சிய குட்டையனைத் தாய்மீனாக வைத்துக்கொள்வது. வளராத குணத்தையே பொறுக்கி எடுத்து விதைப்பதற்குச் சமம் அது.

மூன்றாவது தவறு, கட்லாவையும் ரோகுவையும் ஒரே வட்டத் தொட்டியில் ஊசி போட்டு விடுவது. ஓடும் தண்ணீரில் முட்டையும் விந்தும் கலந்து கலப்புக் குஞ்சு பிறக்கும். அது கட்லா வேகத்தில் வளராது. சிறு குஞ்சில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆகவே வாங்கும்போது கேளுங்கள்: தாய்மீன் எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது வெளியிலிருந்து மாற்றினீர்கள், இனங்களைத் தனித்தனியாக முட்டையிட வைத்தீர்களா? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள். புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் தேர்வு முறையில் உருவாக்கிய 'ஜெயந்தி' ரோகு தலைமுறைக்கு சராசரியாக 17 சதவீதம் கூடுதல் வளர்ச்சி காட்டியது. நல்ல விதைக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. வாங்கும் இடத்தில் ஒரு சோதனையும் செய்யலாம்: குஞ்சுகளைச் சட்டியில் விட்டுத் தண்ணீரைக் கையால் சுழற்றுங்கள். திடமான குஞ்சு ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். நலிந்தது நடுவில் போய்ச் சேரும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வேகமாக வளர்கிறது, லாபமும் அதிகம் என்கிறார்கள். வளர்க்கலாமா?

கூடாது. 2000-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. காற்றைச் சுவாசித்து எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும், எதிர்ப்படும் மீனையெல்லாம் தின்னும். ஒரு வெள்ளத்தில் நாலு தப்பினால் போதும், ஆற்றில் நிலைத்துவிடும். பிறகு நம் சேல்கெண்டைக்கும் நாட்டுக் கெளுத்திக்கும் அங்கே இடமிருக்காது. கசாப்புக் கழிவைப் போட்டு வளர்க்கும் இடங்களும் உண்டு.

சினை மீன் சாப்பிடலாமா?

பண்ணையில் வளர்ந்ததென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் புதுவெள்ளத்தை எதிர்த்து மதகிலும் கலிங்கிலும் ஏறிவரும் சினை மீனைக் கூடை வைத்துப் பிடிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது முட்டையிடப் போகிற வழி. குளத்தில் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அதன் கீழே விரால் காவல் நிற்கும். அதைத் தூண்டில் போட்டு எடுத்துவிட்டால் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

குஞ்சுக்கு எப்போது சொல்லி வைக்க வேண்டும்?

நம் ஏரி குளங்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். குஞ்சு விரலியாக இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஐப்பசியில் தண்ணீரைப் பார்த்த பிறகு தேடினால், கையில் கிடைப்பது யாருக்கும் வேண்டாத மிச்சக் குஞ்சுதான். தரமான விரலி வேண்டுமானால் ஆனி, ஆடியிலேயே பவானிசாகர், கரந்தை போன்ற அரசு மீன் விதைப் பண்ணைகளிலோ உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ பெயர் பதிந்து வையுங்கள்.