வாசற்கோலமும் மெண்டல்பிராட் கணக்கும்

கணிதம் என்றாலே நம் பிள்ளைகள் பலருக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. ஆனால் சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காத பாட்டிமார்கள், லயத்து வாசலில் புள்ளி வைத்து, பெரிய கம்பிக் கோலத்தையும் ஒரே இழையில் போட்டு முடித்தார்கள். புள்ளி வரிசை கூடினாலும் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யவில்லை. இப்படி வளை, அப்படித் திருப்பு, மறுபடியும் அதையே செய். அவ்வளவுதான்.

இந்த 'மறுபடியும்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

தாம்பரம் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, அவர் துணைவியார் ராணி சிரோமணி, இவர்களுடன் கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இல் கோலத்திற்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். சொற்கள் விதிப்படி சேர்ந்து வாக்கியமாவது போல, புள்ளியும் வளைவும் விதிப்படி சேர்ந்து கோலமாகும் என்று காட்டினர். 1989-இல் கமலாவும் புருசின்கீவிச் என்ற அறிஞரும் மற்றொருவரும் சேர்ந்து இன்னும் ஒரு படி போனார்கள். செடிகொடிகள் வளரும் விதத்தை விளக்க லிண்டன்மேயர் 1968-இல் தந்த முறையைக் கோலத்திற்குப் பொருத்தினர். 'கிருஷ்ணர் கொலுசு' கோலத்திற்கு ஒரே ஒரு விதி போதும். ஒரு வளைவு இருந்த இடத்தில் நான்கு வளைவுகளை, நடுவே கோடும் திருப்பமும் வைத்துப் போட வேண்டும். இரண்டு வளைவு 8 ஆகும், பிறகு 32, பிறகு 128.

முழுமையின் சாயல் ஒவ்வொரு துண்டிலும் தெரியும் இத்தகைய வடிவங்களுக்கு 1975-இல் பெனுவா மெண்டல்பிராட் இட்ட பெயர் 'பிராக்டல்'. செம்பனை மரத்தில் தொற்றி வளரும் பெரணி இலையைப் பாருங்கள், புரிந்துவிடும். நம் முன்னோர் அன்றே பிராக்டல் கணிதம் கண்டார்கள் என்று மார்தட்டுவது மிகை. விதியைக் கையில் வைத்திருந்தார்கள் என்பதே போதுமான பெருமை.

எண்களாலும் இப்படிக் கோலம் போடலாம். ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பூஜ்யத்தில் தொடங்கி, கையிலுள்ளதை அதனாலேயே பெருக்கி, தேர்ந்தெடுத்த எண்ணைக் கூட்டுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். எண் 1 என்றால் 1, 2, 5, 26, 677 என்று ஓடிப்போகும். -1 என்றால் -1, 0, -1, 0 என ஊஞ்சலாடும். ஒரு தாளின் ஒவ்வொரு புள்ளியையும் ஓர் எண்ணாகக் கொள்வதே கலப்பெண். ஓடிப்போகாத புள்ளிகளுக்கெல்லாம் கறுப்பு பூசினால் வண்டு போன்ற உருவம் தோன்றும். அதன் விளிம்பைப் பெரிதாக்கப் பெரிதாக்க, உள்ளே அதே வண்டின் குட்டிகள்! இதுவே மெண்டல்பிராட் கணம்.

இதற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் கேஸ்டன் ஜூலியா. முதல் உலகப் போரில் மூக்கை இழந்த பிரெஞ்சுக்காரர். அவருடைய பெரிய ஆய்வு 1918-இல் வெளிவந்தது. கணினி இல்லாத காலம் என்பதால் எல்லாமே மனக்கண்ணில்தான். அவர் மறைந்தது 1978-இல். அவரிடமே படித்த மெண்டல்பிராட், ஐ.பி.எம். கணினியில் இவ்வுருவத்தை ஆராய்ந்தது 1980-இல். இரண்டே ஆண்டு இடைவெளி.

கைத்தொலைபேசிக் கணிப்பானிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். எண் 0.25 என்றால் விடை 0.5-ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும், தாண்டாது. 0.26 என்றால் சுமார் 30 முறையில் 2-ஐத் தாண்டி ஓடிவிடும். 0.2501 என்றால் சுமார் 312 முறை. 0.250001 என்றால் சுமார் 3140. இந்த இலக்கங்கள் எங்கேயோ பார்த்தவை போல் இல்லையா? வட்டக் கணக்கில் வரும் 'பை', அதாவது 3.14!

டேவிட் போல் என்ற அமெரிக்கர் 1991-இல் தற்செயலாகக் கண்ட விந்தை இது. முறையான நிரூபணம் வெளிவந்தது 2001-இல். வட்டமே வரையாத கணக்கில் பை எப்படி நுழைந்தது என்று பிள்ளை கேட்டால், முதலில் 0.26-ஐ அந்தப் பிள்ளையையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது முறைதானே.