வெளிநாட்டில் இருந்து குழந்தையுடன் ஊர் திரும்பினால்... கோர்ட்டு என்ன சொல்லும்?

நெற்குப்பை:-

கணவன்-மனைவி சண்டையில் ஒருவர் குழந்தையை தூக்கிக்கொண்டு வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வந்துவிட்டால்? சிங்கப்பூர், மலேசியாவில் பிள்ளைகள் உள்ள நம்ம பக்கத்து வீடுகளும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது.

இங்கிலாந்தில் வசித்த ஒரு பெண், 2012-ல் 2 மகள்களுடன் கோவை திரும்பினார். கணவரின் ஆட்கொணர்வு மனுவை சென்னை ஐகோர்ட்டு தள்ளுபடி செய்தது. ஆனால் 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு, மகள்களை இங்கிலாந்துக்கு கொண்டுபோக உத்தரவிட்டது. அங்குள்ள கோர்ட்டுதான் முதலில் உத்தரவு போட்டது என்பதே காரணம்.

2017-ல் நிலைமை மாறியது. வெளிநாட்டு உத்தரவும் ஒரு அம்சம்தான், குழந்தையின் நலனே முக்கியம் என்று 3 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

1980-ம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அதனால் ஒவ்வொரு வழக்கிலும் தீர்ப்பு மாறும். பிள்ளை இங்கேயே படித்து வேரூன்றிவிட்டால், திருப்பி அனுப்ப கோர்ட்டு யோசிக்கும். தாமதிக்காமல் வக்கீலை பாருங்க.